கையில் கிடைக்காத உத்தரவு

1950 மார்ச் 1-ஆம் தேதி சென்னை மாநில அரசு ஓர் உத்தரவு போட்டது. பம்பாயில் அச்சாகி வந்துகொண்டிருந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில வார இதழ் இந்த மாநிலத்துக்குள் வரவும் கூடாது, புழங்கவும் கூடாது என்றது அது. எண், தேதி, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்ற விவரம் எல்லாம் அதில் இருந்தன. செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழில் அச்சாகி, யாரும் வாங்கிப் படிக்கும்படி வெளியானது. இதழை நடத்திய ரமேஷ் தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் போனார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. மே 26-ஆம் தேதி, தடை செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. ஆறு நீதிபதிகளில் ஐவரின் கருத்தாக அதை எழுதியவர் நம்மூர்க்காரரான பதஞ்சலி சாஸ்திரி. தோற்ற அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து, பேச்சுக்குப் போடக்கூடிய கட்டுப்பாடுகளை விரிவாக்கிக்கொண்டது. ஆனால் அதுவும் நாடாளுமன்றத்தில், காரசாரமான வாதங்களுக்கு நடுவே, ஊரே பார்க்க நடந்தது.

இப்போது 2025 பிப்ரவரிக்கு வருவோம். அமெரிக்கா விலங்கு பூட்டி ராணுவ விமானத்தில் திருப்பியனுப்பிய இந்தியர்கள் அமிர்தசரஸில் வந்திறங்கிய சில நாட்களில், விகடன் பிளஸ் இணைய இதழில் ஒரு கேலிச்சித்திரம் வெளியானது. டிரம்ப் பக்கத்தில் பிரதமர் விலங்குடன் அமர்ந்திருப்பதாகப் படம். தமிழக பா.ஜ.க. புகார் செய்தது. பிப்ரவரி 15 மாலையிலிருந்து விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. தங்களுக்கு அரசிடமிருந்து எந்த உத்தரவும் வரவில்லை என்று நிறுவனம் அறிவித்தது. முதலில் அடைத்தார்கள், நோட்டீஸ் அப்புறம் வந்தது. ஆட்சேபம் ஒரே ஒரு படத்தின் மேல். அடைபட்டதோ சமையல் குறிப்பு முதல் பங்குச் சந்தைக் கட்டுரை வரை அத்தனையும் கொண்ட முழுத் தளம். மார்ச் 6-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலமாக ஒரு வழி சொன்னது: அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள், தளத்தைத் திறந்துவிடுங்கள். படத்தில் தவறு இருந்ததா இல்லையா என்பது அன்று முடிவாகவில்லை. ஆனாலும் படம் போய்விட்டது.

இணையக் காலத்தில் அரசின் கை நீண்டுவிட்டது என்று பொதுவாகப் பேசுகிறோம். என் கணிப்பில், நீளத்தைவிட அந்தக் கை கண்ணுக்குத் தெரியாமல் போனதுதான் பெரிய மாற்றம். 1950-லும் தடை செய்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் செய்யாத தணிக்கையா! வெளிப்படையாகத் தடை செய்யும் அரசுக்கு அதற்கு ஒரு விலை இருக்கிறது. பத்திரிகைகள் திட்டும், எதிர்க்கட்சி கூட்டம் போடும், வழக்கு வரும், தோற்றால் மானம் போகும். உத்தரவை யாரும் பார்க்க முடியாது என்றால் அந்த விலை பூஜ்ஜியமாகிவிடுகிறது. இலவசமாகக் கிடைக்கும் எதையும் அளந்து பயன்படுத்துகிறவர்கள் குறைவு. அரசாங்கங்கள் அதற்கு விதிவிலக்கல்ல.

விகடனுக்கே இதில் ஒரு பழைய கதை உண்டு. 1987-இல், எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்த ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக, ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எம்.ஜி.ஆர். ஆட்சி, சபாநாயகர் பி.எச்.பாண்டியன். தண்டனை சபையில் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. அதனாலேயே எதிர்ப்பும் பகிரங்கமாகக் கிளம்பியது. சில நாட்களிலேயே அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. கொடுமையான தண்டனைதான். ஆனால் யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதனால்தான் அதைத் திருப்பியடிக்க முடிந்தது.

இதே வித்தியாசத்தை ஒரே தீர்ப்புக்குள் வைத்தும் பார்க்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு பலருக்கு நினைவிருக்கும். ‘எரிச்சலூட்டும்’ செய்தி அனுப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை. 2012-இல் பால் தாக்கரே மறைவை ஒட்டி மும்பை முடங்கியதைப் பற்றி முகநூலில் எழுதிய ஓர் இளம்பெண்ணையும், அதற்கு லைக் போட்ட தோழியையும் பால்கரில் கைது செய்தார்கள். அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியில் ஒருவர் கைதானார். கைது என்றால் போலீஸ் வண்டி, நீதிமன்றம், ஜாமீன், தொலைக்காட்சி கேமரா. நாடே கொதித்தது. 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ-வைத் தூக்கியெறிந்தது. அதன் பிறகும் பல மாநிலங்களில் போலீசார் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டிருந்தார்கள் என்பதும், 2021-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கேட்டு அதிர்ந்துபோனது என்பதும் தனிக் கூத்து. நாம் கவனிக்கத் தவறியது வேறொன்றை. அதே தீர்ப்பு, இணையப் பக்கங்களை முடக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ பிரிவைச் செல்லும் என்று விட்டுவிட்டது. பாதுகாப்பு ஏற்பாடுகள் போதுமானவை, காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அந்தக் காரணத்தை எதிர்த்து ரிட் மனு போடலாம் என்று நீதிபதிகள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையின் அடியில் ஓர் ஓட்டை இருக்கிறது. முடக்கம் தொடர்பாக 2009-இல் வகுத்த விதிகளில் 16-ஆவது விதி, புகாரும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையும் கண்டிப்பாக ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. எழுதியவருக்குத் தகவல் சொல்லாமல், பதிவைத் தாங்கி நிற்கும் நிறுவனத்துக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்பினாலும் போதும் என்றே விதியை அரசு கையாள்கிறது. எழுதிய காரணத்தை எதிர்த்து வழக்குப் போடலாம் என்கிறது தீர்ப்பு. அந்தக் காரணத்தை உனக்குக் காட்ட மாட்டேன் என்கிறது விதி. இது காகிதத்தில் மட்டும் இருக்கும் சிக்கல் அல்ல. வரதட்சணையைக் கேலி செய்து ஒரு திரைப்பட விமர்சகர் நடத்திய நையாண்டித் தளம் 2018-இல் முடக்கப்பட்டது. மாப்பிள்ளையின் படிப்பு, சம்பளம் எல்லாம் போட்டால் அவருக்கு என்ன ‘விலை’ என்று கணக்குச் சொல்லும் தளம் அது. கேலி என்பது படிக்கிற எவருக்கும் புரியும். ஏன் முடக்கினீர்கள் என்று அவர் கேட்டார், காரணம் கிடைக்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு, உத்தரவின் நகலை அவரிடம் கொடுங்கள் என்று சொன்னது 2022 மே மாதத்தில். நையாண்டியை அடையாளம் காணத் தெரியாத ஒரு முடிவை எதிர்க்க அல்ல, அந்த முடிவைப் படித்துப் பார்க்கவே கிட்டத்தட்ட நான்கு ஆண்டு. வழக்கறிஞரும் பொறுமையும் உள்ளவர் அவர். அடைபட்ட மற்றவர்களின் கதி என்ன? நாடாளுமன்றத்தில் அரசே தந்த கணக்குப்படி 2014-இல் முடக்கப்பட்ட பக்கங்களும் கணக்குகளும் 471. 2020-இல் 9,849. 2022-இல் 6,775. இவற்றில் பயங்கரவாதப் பிரச்சாரம் எத்தனை, வெறும் கேலி எத்தனை என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க எந்த வழியும் இல்லை.

பேச்சை அடைப்பதைவிட ஒட்டுக்கேட்பு இன்னும் அந்தரங்கமானது. அங்கே இருட்டும் அதிகம். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற நிலை இருந்தால்தான் ஒட்டுக்கேட்க அனுமதித்தது. 1996-இல், மக்கள் உரிமை அமைப்பான பி.யு.சி.எல். தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், தொலைபேசிப் பேச்சும் அந்தரங்கத்தின் பகுதிதான் என்று சொல்லி, உள்துறைச் செயலாளர் மட்டத்தில்தான் உத்தரவிட வேண்டும், அதை ஒரு மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும் என்று முறை வகுத்தது. நீதிபதியின் முன்அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை அப்போது ஏற்கவில்லை. உத்தரவிடுகிறவர் அதிகாரி, சரிபார்க்கும் குழுவில் இருப்பவர்களும் அமைச்சரவைச் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர் போன்ற அதிகாரிகள். 2018-இல் தரவுப் பாதுகாப்பு பற்றி ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தன் அறிக்கையில் ஒரு விவரத்தைப் பதிந்தது: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மத்திய மறுஆய்வுக் குழு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. டீ குடிக்கவும் எழுந்திருக்காமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும், ஓர் உத்தரவுக்கு இரண்டு நொடி கிடைக்காது. பெயரைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த தாள் வந்துவிடும்.

ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு அது எப்போதாவது தெரியவருமா? வராது. பிறகு தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் நம் விதிகளில் இல்லை. தேவைப்படாத பதிவுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. அழிப்பது அந்தரங்கத்துக்கு நல்லதுதானே என்று தோன்றும். தகவலும் சொல்லாமல் தடயத்தையும் அழித்தால், தப்பு நடந்ததா என்று கேட்கவே வழியில்லாமல் போகிறது. வழக்கில் சாட்சியமாகக் கொண்டுவந்தால்தான் ஓர் ஒட்டுக்கேட்பு வெளியே தெரிகிறது. அப்படி ஒன்று 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிந்தது. 2011-இல் ஒரு லஞ்ச வழக்குக்காக மத்திய உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். லஞ்சத்தைத் துப்புத்துலக்குவது பொது அவசரநிலையும் அல்ல, பொதுப் பாதுகாப்பும் அல்ல. கிடைத்த பதிவை மறுஆய்வுக் குழுவின் முன்பும் வைக்கவில்லை என்றார். வெளிச்சத்துக்கு வந்த ஓர் உத்தரவு, பதினான்கு ஆண்டு கழித்து, சட்டவிரோதம் என்று தெரிகிறது. வெளிச்சத்துக்கே வராத ஆயிரக்கணக்கானவை எல்லாம் ஒழுங்காக இருந்தன என்று நம்பச் சொன்னால் எப்படி நம்புவது?

இந்த இடத்தில் வழக்கமாக வரும் பதில், நாட்டின் பாதுகாப்பு. எதிரிக்கும் பயங்கரவாதிக்கும் நோட்டீஸ் அனுப்பிவிட்டா ஒட்டுக்கேட்க முடியும்? முடியாது, யாரும் அப்படிக் கேட்கவும் இல்லை. கேட்பது வேலை முடிந்த பிறகு. அமெரிக்காவில் குற்ற வழக்குகளில் நீதிபதியின் அனுமதியோடு ஒட்டுக்கேட்டால், முடிந்த 90 நாட்களுக்குள் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்பது பொது விதி. காரணம் காட்டித் தள்ளிப்போடலாம். ஜெர்மனியிலும் உளவுக்கு ஆபத்து இல்லை என்ற நிலை வந்ததும் தெரிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அந்த நாடுகளின் உளவுத்துறைகள் இதனால் கடையைக் கட்டிவிடவில்லை. பிரிட்டனில் 2016 சட்டத்துக்குப் பிறகு அமைச்சர் கையெழுத்துப் போட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. பாதுகாப்பு என்ற சொல்லை வைத்து மூடிய உறைக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வாய்ப்பு நமக்கு ஒருமுறை கிடைத்தது. மீடியாஒன் என்ற மலையாளச் செய்தித் தொலைக்காட்சிக்கு, பாதுகாப்பு அனுமதி இல்லை என்று காரணம் காட்டி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது விவரம் சீலிட்ட உறையில் நீதிமன்றத்துக்குப் போனது, தொலைக்காட்சிக்குக் காட்டவில்லை. கேரள உயர் நீதிமன்றம் உறையைப் பார்த்துவிட்டு அரசின் முடிவை ஏற்றது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தபோது உறைக்குள் இருந்தவற்றில் முக்கியமானதை வெளியே சொன்னது. குடியுரிமைத் திருத்தச் சட்டம், உபா சட்டம் போன்றவை பற்றி அந்தத் தொலைக்காட்சி காட்டிய நிகழ்ச்சிகளும், அது அரசுக்கு எதிரான நிலைப்பாடு கொண்டது என்ற குறிப்பும்தான். ராணுவ ரகசியம் ஒன்றும் இல்லை. செய்தியை விமர்சனமாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். ரகசியம் காக்கப்பட்டது நாட்டுக்காகவா, காரணத்தின் பலவீனம் தெரியாமல் இருக்கவா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது அரிது. பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரத்தில் அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்து, ஐந்தில் ஏதோ தீங்கான மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்றது. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாக அன்றைய தலைமை நீதிபதி ரமணா நீதிமன்றத்திலேயே தெரிவித்தார். வாங்கினீர்களா, இல்லையா என்ற கேள்விக்கு நேரான பதில் வரவே இல்லை.

வதந்தியைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. 2018 மே மாதம், குழந்தை கடத்துகிறவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் புரளி பரவியிருந்த நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்த குடும்பத்தில் ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் அந்த அம்மாள் இறந்துபோனார். இப்படி உயிர் போகும்போது கமிட்டி கூடி யோசிக்க நேரம் ஏது என்று ஓர் அதிகாரி கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் வேகத்துக்கும் ரகசியத்துக்கும் சம்பந்தமில்லை. 2009 விதிகளிலேயே அவசர வழி இருக்கிறது: உடனே முடக்கலாம், 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். புரளியை அரை மணியில் முடக்கி, மறுநாள் ‘இந்தக் காரணத்துக்காக இதை முடக்கினோம்’ என்று வெளியிட்டால் என்ன கெட்டுவிடும்? சொல்லப்போனால் இது பொய் என்று அரசே பகிரங்கமாகச் சொல்வதுதான் புரளிக்கு மருந்து.

வெளியில் தெரிந்த உத்தரவை எப்படிக் கேள்வி கேட்க முடிகிறது என்பதற்கு அதே மாதத்து தூத்துக்குடி சாட்சி. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் மே 22-ஆம் தேதி நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு அடுத்த நாள், தூத்துக்குடியோடு திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தியது தமிழக அரசு. மற்ற இரு மாவட்டங்களில் எதற்கு என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது. எந்த மாவட்டம், எந்த நாள் வரை என்ற விவரம் வெளியே இருந்ததால்தான் அந்தக் கேள்வியே பிறந்தது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இணையம் நின்றபோது, உத்தரவுகளை நீதிமன்றத்திலேயே முழுமையாகக் காட்டவில்லை. 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணைய முடக்க உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்றது. 4ஜி முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். அந்த ஆண்டு டிசம்பரில் சசி தரூர் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு தந்த அறிக்கையைப் பார்த்தால், நாட்டில் எத்தனை முறை இணையம் நிறுத்தப்பட்டது என்ற கணக்கே தொலைத்தொடர்புத் துறையிடமும் இல்லை, உள்துறையிடமும் இல்லை. சட்டம் ஒழுங்கு மாநில விஷயம் என்று கைகாட்டிவிட்டார்கள்.

இங்கே மத்திய அரசை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையல்ல. டாஸ்மாக் எதிர்ப்புப் பாடலுக்காக 2015-இல் பாடகர் கோவன் மீது தேசத்துரோக வழக்குப் போட்டது ஜெயலலிதா ஆட்சி. நெல்லை ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பைப் பற்றிய கேலிச்சித்திரத்துக்காக 2017-இல் கார்ட்டூனிஸ்ட் பாலாவைக் கைது செய்தது எடப்பாடி ஆட்சி. குண்டர் சட்டத்தைக் கையில் எடுக்காத ஆட்சியை நாம் பார்த்ததே இல்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் கிடைக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தும் என்பதால்தான், எதிர்க்கட்சியில் இருக்கும்போது எல்லாருக்கும் கருத்துரிமை பிடிக்கிறது.

தப்பு செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும் என்ற கேள்விக்கு அதிக இடம் வேண்டாம். வரதட்சணையைக் கேலி செய்தவர் என்ன தப்பு செய்தார்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் சொன்னபோது, சட்டபூர்வமான நோக்கமும் அளவும் இருந்தால் அரசு தலையிடலாம் என்றும் சேர்த்தே சொன்னார்கள். அளவு சரியா என்று பார்க்க முதலில் உத்தரவு கண்ணில் பட வேண்டும். பன்னாட்டு இணைய நிறுவனங்கள் மட்டும் யோக்கியமா என்றும் கேட்பார்கள். இல்லை. அதனால்தான் நோட்டீஸ் நிறுவனத்துக்கு மட்டும் போவது போதாது. ஓர் எழுத்தாளனின் ஒரு பதிவுக்காக இவ்வளவு பெரிய சந்தையை அவர்கள் பகைத்துக்கொள்வார்களா? எதிர்த்து வழக்குப் போட்ட ட்விட்டர் 2023-இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தோற்றது மட்டுமல்ல, 50 லட்சம் ரூபாய் அபராதமும் வாங்கிக் கட்டிக்கொண்டது. மத்திய அரசின் ‘சஹ்யோக்’ இணையத்தளம் வழியாக, 69ஏ-வின் நடைமுறையைத் தொடாமலே நீக்கச் சொல்லும் நோட்டீஸ்களை அனுப்ப முடிகிறது. அதை எதிர்த்த எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்) நிறுவனத்தின் மனுவும் 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தில் தள்ளுபடியானது.

மக்களுக்கு அரசைப் பார்க்க இருந்த ஜன்னலும் சுருங்குகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்குத் தருகிறது. அதே சட்டத்தின் 44(3) பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கியிருக்கிறது; பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்த உட்பிரிவிலேயே இருந்த வாசகம் போய்விட்டது. சட்டத்தின் வேறொரு பிரிவில் பொதுநலன் வழி இன்னும் இருக்கிறது என்று அரசு சொல்வது உண்மைதான். ஆனால் தாலுகா அலுவலகத்தில் மனுவோடு நிற்பவரிடம் அலுவலர் முதலில் எடுத்துக்காட்டப்போவது எந்தப் பிரிவை என்பது ஆர்.டி.ஐ. போட்டவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் மாற்றுவது நடக்காத காரியம் அல்ல. 2024 நவம்பரில் வந்த தொலைத்தொடர்பு நிறுத்த விதிகள், இணையத்தை நிறுத்தும் உத்தரவில் காரணம், இடம், கால அளவு மூன்றையும் குறிப்பிட்டு வெளியிட வேண்டும் என்கின்றன. ஊரையே இருட்டாக்கும் உத்தரவை வெளியிட முடிகிறது. ஒரு பக்கத்தை முடக்கும் உத்தரவை வெளியிட்டால் என்ன ஆபத்து என்பதற்கு யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. 2009 விதிகளின் இதே ரகசியத்தை எதிர்த்து ஒரு மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025 மார்ச்சில் அதைக் கேட்ட அமர்வு, எழுதியவர் யார் என்று அடையாளம் தெரியுமானால் அவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றே முதல் பார்வைக்குத் தோன்றுகிறது என்று சொல்லி, மத்திய அரசின் பதிலைக் கேட்டது. வழக்கு முறைப்படி, எதிர்மனுதாரரான அரசுக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. தன் தரப்பைச் சொல்ல அவகாசமும் கிடைத்திருக்கிறது.